ஸ்போர்ட் ரிம் மாற்றினால் ஸ்டியரிங் ஏன் நடுங்குகிறது?

"டீச்சர், எங்க அண்ணன் மைவிக்கு ஸ்போர்ட் ரிம் போட்டாரு. ஊருக்குள்ள 60-ல போனா ஒன்னும் தெரியல. ஹைவேல 90-ஐத் தொட்டா ஸ்டியரிங் நடுங்குது. டயர் கடைக்கு மூனு தடவை போயாச்சு. பேலன்சிங் மெஷின்ல ரெண்டு பக்கமும் சைபர்தான் காட்டுது. அப்புறம் ஏன் டீச்சர் ஆடுது?"

படிவம் 4-இல் மையநோக்கு விசையைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்த அன்று ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. மலாயில் 'டாயா மெமுசாட்' என்று நீங்கள் படிக்கும் அதே விசைதான். கேள்வி நல்ல கேள்வி. ஏனென்றால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சில கிராம் எடை, ஒரு டன் எடையுள்ள காரை எப்படி ஆட்டுகிறது? ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டுகிறது? இயந்திரம் சைபர் காட்டிய பிறகும் ஏன் ஆட்டுகிறது?

மாணவர்களே, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

20 கிராம் என்ன செய்துவிடும்?

எந்தச் சக்கரமும் முழுக்க முழுக்கச் சீராக அமைவதில்லை. டயர் என்பது ரப்பர், துணி இழை, எஃகுக் கம்பி ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்துச் செய்வது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடத்தில் எடை சற்றுக் கூடும். ரிம்மில் காற்றடைக்கும் வால்வு இருக்கும் பக்கம் எடை கூடும். இப்படி ஒரு பக்கம் 20 கிராம் அதிகமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு தாள் எழுதும் காகிதத்தின் எடைதான் அது. கார் நிற்கும்போது அதைப் பற்றிக் கவலையே இல்லை.

இப்போது காரை ஓட்டுவோம். மைவியின் ஒரு வகையில் வரும் டயரின் அளவு 185/55 ஆர்15. அதன் விட்டம் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்குக் கார் ஏறத்தாழ 1.84 மீட்டர் நகரும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பான மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 30.6 மீட்டர். ஆகவே சக்கரம் ஒரு வினாடிக்கு 16 முறைக்கு மேல், ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,000 முறை சுற்றுகிறது.

அந்த 20 கிராம், மையத்திலிருந்து 19 சென்டிமீட்டர் தள்ளி, ரிம்மின் விளிம்பில் இருப்பதாகக் கொள்ளுங்கள். அச்சைச் சுற்றி அது செல்லும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். மையநோக்கு விசையின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: நிறை × வேகம் × வேகம் ÷ ஆரம்.

0.02 × 20 × 20 ÷ 0.19 = 42 நியூட்டன்.

42 நியூட்டன் என்பது 4 கிலோவுக்குச் சற்று அதிகமான பொருளைத் தூக்கத் தேவைப்படும் விசை. 20 கிராம், 4 கிலோவைப் போல் நடந்துகொள்கிறது! அதுவும் ஒரே திசையில் அல்ல. எடை மேலே இருக்கும்போது சக்கரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. அரைச் சுற்றில் கீழ்நோக்கி அழுத்துகிறது. இடையில் முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறது. இப்படி ஒரு வினாடியில் 16 முறைக்கு மேல் நடக்கிறது. ஒரு சிறிய சுத்தியலால் சக்கரத்தை விடாமல் தட்டிக்கொண்டே போவதைப் போன்றது அது.

சூத்திரத்தில் வேகம் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மணிக்கு 55 கிலோமீட்டரில் அதே 20 கிராம் உண்டாக்கும் விசை ஏறத்தாழ 10 நியூட்டன்தான். ஊருக்குள் ஓட்டும்போது அண்ணனுக்கு ஒன்றும் தெரியாததற்கு இது முதல் காரணம்.

60-இல் அமைதி, 90-இல் நடுக்கம்

இரண்டாவது காரணம் ஒத்ததிர்வு. ஊஞ்சலில் தம்பியை வைத்து ஆட்டியிருப்பீர்கள். எப்போது வேண்டுமானாலும் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகாது. அது திரும்பி வரும் நேரத்திற்குச் சரியாகத் தள்ளினால், சிறு தள்ளலிலேயே உயரப் போகும். ஆடக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு.

காரின் சக்கரமும் ஒருவகையில் ஊஞ்சல்தான். மேலே சஸ்பென்ஷனின் சுருள்வில், கீழே காற்றடைத்த டயர் என இரண்டு வில்களுக்கு நடுவில் அது இருக்கிறது. சாதாரணக் கார்களில் இந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண் பெரும்பாலும் வினாடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் நம் சக்கரம் வினாடிக்கு 9 முறை சுற்றுகிறது. 90 கிலோமீட்டரில் 13.6 முறை. அதாவது, 90-ஐ ஒட்டிய வேகத்தில், சமநிலை தவறிய சக்கரம் 'சரியான நேரத்தில்' தன்னைத்தானே தள்ளிக்கொள்கிறது. நடுக்கம் பெருகுகிறது. அந்த எல்லையைத் தாண்டி வேகம் கூடினால் நடுக்கம் குறைந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. ஆனால் விசை குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போகிறது. ஆகவே, "வேகமாகப் போனால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு குறிப்பு. நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரத்தில். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரத்தில். கார் நடுங்காமல், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அது பேலன்சிங் சம்பந்தப்பட்டதல்ல; பெரும்பாலும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் சம்பந்தப்பட்டது. பலர் இவை இரண்டையும் ஒன்றென நினைக்கிறார்கள்.

சமநிலையில் இரண்டு வகை

ஒரு சக்கரத்தைத் தங்குதடையின்றிச் சுழலும்படி அச்சில் மாட்டிவிட்டால், எடை கூடிய பக்கம் தானாகவே கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே சம எடையை ஒட்டினால், எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும். இது நிலைச் சமநிலை. முன்பெல்லாம் பல பட்டறைகளில் சக்கரத்தைப் படுக்கவைத்து, குமிழி மட்டத்தைப் பார்த்து இதைச் செய்தார்கள்.

ஆனால், கார் சக்கரம் காகிதத் தட்டைப் போல் மெல்லியது அல்ல. அதற்கு 15 சென்டிமீட்டர் அளவுக்கு அகலம் உண்டு. உட்புற விளிம்பில் மேலே 20 கிராமும், வெளிப்புற விளிம்பில் கீழே 20 கிராமும் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? மேலும் கீழும் சமம் என்பதால், நிற்கும்போது சக்கரம் எந்தப் பக்கமும் உருளாது. குமிழி மட்டமும் 'சரி' என்றே காட்டும். சுழலும்போதுதான் குட்டு வெளிப்படும். உட்புற எடை ஒரு திசையிலும் வெளிப்புற எடை எதிர்த்திசையிலும் இழுப்பதால், சக்கரம் இடமும் வலமுமாகத் தலையாட்டும். ஸ்டியரிங் நடுங்குவதற்கு இது முக்கியக் காரணம். இதைச் சரிசெய்வது இயக்கச் சமநிலை. அதற்கு உள்ளே ஓர் எடை, வெளியே ஓர் எடை என இரண்டு இடங்களில் எடை சேர்க்க வேண்டும்.

டயர் கடையில் உள்ள இயந்திரம் இதைத்தான் செய்கிறது. சக்கரத்தை அதன் தண்டில் மாட்டிச் சுழற்றும்போது, தண்டைத் தாங்கும் இடத்தில் உள்ள உணரிகள் இழுவிசையை அளக்கின்றன. விசை எவ்வளவு, சக்கரம் எந்தக் கோணத்தில் இருக்கும்போது வருகிறது என்பதை வைத்து, உள்ளே எத்தனை கிராம், வெளியே எத்தனை கிராம், எந்த இடத்தில் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. ரிம்மின் விட்டம், அகலம், இயந்திரத்திலிருந்து அதன் தூரம் ஆகியவற்றைக் கடைக்காரர் பதிவு செய்கிறார். அந்த அளவுகளில் தவறு நேர்ந்தால் கணக்கும் தவறிவிடும்.

ஒட்டப்படும் எடைத் துண்டுகள் முன்பு ஈயத்தால் செய்யப்பட்டவை. ஈயம் அடர்த்தி மிக்கது, எளிதில் வளையும், ஆனால் நச்சுத்தன்மை கொண்டது. சாலையில் கழன்று விழும் ஈயம் மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் ஈய எடைகளை நிறுத்தியது. இப்போது துத்தநாகம், எஃகு ஆகியவற்றால் ஆன எடைகள் பரவலாகிவிட்டன. ஸ்போர்ட் ரிம்களில் விளிம்பு கீறாமல் இருக்க, 5 கிராம், 10 கிராம் துண்டுகளை உட்புறத்தில் பசை நாடாவால் ஒட்டுகிறார்கள். ஒட்டும் இடத்தைத் துடைக்காமல் ஒட்டினால் சில நாள்களில் விழுந்துவிடும்.

புது டயரின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்திருக்கலாம். பொதுவாக அது டயரின் எடை குறைந்த இடத்தைக் குறிக்கும். ரிம்மில் வால்வு உள்ள இடம் எடை கூடியது. இரண்டையும் ஒரே நேரில் வைத்து மாட்டினால் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். ஒட்ட வேண்டிய எடையும் குறையும்.

சரி, அண்ணனின் கடைக்காரர் இதையெல்லாம் முறையாகவே செய்தார். இயந்திரத்தில் இரண்டு பக்கமும் சைபர். இயந்திரம் பொய் சொல்லவில்லை. பின்னே கோளாறு எங்கே? அதைக் கண்டுபிடிக்க, ரிம் காரில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

ரிம்மின் எண்கள் சொல்லும் சேதி

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் 'குடம்' என்பார்கள். காரில் அந்த வேலையைச் செய்வது ஹப். இதிலிருந்து நான்கு அல்லது ஐந்து ஸ்டட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிம்மின் துளைகளை அவற்றில் நுழைத்து நட்டு போடுகிறோம்.

அந்த ஸ்டட்களின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம்தான் பி.சி.டி. மைவிக்கு அது 4×100: நான்கு ஸ்டட், 100 மில்லிமீட்டர் விட்டம். ஹொண்டா சிவிக்கிற்கு 5×114.3. அதென்ன 114.3 என்று கேட்கலாம். நாலரை அங்குலத்தை மில்லிமீட்டரில் மாற்றிப் பாருங்கள், விடை வந்துவிடும். ஜெர்மானியக் கார்கள் பலவற்றில் 5×112 இருக்கிறது. 114.3-க்கும் 112-க்கும் 2.3 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. பலமாகத் திருகினால் நுழைந்துவிடும்போல் தோன்றும். ஆனால் ஸ்டட் சாய்வாக இழுபட்டு, நட்டு சரியாக உட்காராமல் போகும். இது உயிருக்கு ஆபத்து.

அடுத்தது ஆஃப்செட். 'இ.டி. 45' என்று எழுதியிருந்தால், ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் வெளிப்புறமாக இருக்கிறது என்று பொருள். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். 6 அங்குல அகலமும் இ.டி. 45-ம் கொண்ட ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் இ.டி. 35-ம் கொண்ட ரிம்மை மாட்டுவதாகக் கொள்வோம். ஆஃப்செட்டால் 10 மில்லிமீட்டர், கூடிய அகலத்தில் பாதியால் 12.7 மில்லிமீட்டர் என வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். தாங்கு உருளைகளின் மீது விழும் திருப்புவிசையும் கூடும். சீசாவில் நுனிக்குத் தள்ளி உட்கார்ந்தால் அதிகமாக அழுத்துவதைப் போன்றதுதான் இது. மேலும், டயர் காரின் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நம் நாட்டில் சாலைக் குற்றமும் ஆகும்.

டயரின் அளவையும் மறக்கக் கூடாது. 185/55 ஆர்15 என்பதில் 185 அகலம் (மில்லிமீட்டர்), 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 15 ரிம்மின் விட்டம் (அங்குலம்). முழு விட்டம்: 185 × 0.55 × 2 + 15 × 25.4 = 584.5 மில்லிமீட்டர். மைவியின் இன்னொரு வகையில் வரும் 175/65 ஆர்14-க்கு இதே கணக்கைப் போட்டால் 583.1 வரும். ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் முழு விட்டம் மாறவே இல்லை, பார்த்தீர்களா? அதற்காகத்தான் பக்கச் சுவரைக் குறைத்திருக்கிறார்கள்.

இதைக் கவனிக்காமல் 195/50 ஆர்16 போட்டால் விட்டம் 601.4 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுழற்சியை வைத்துத்தான் வேகத்தைக் காட்டுகிறது. அதே சுழற்சிக்கு, முன்பு 110-இல் போன கார் இப்போது 113-இல் போகும். ஓட்டுபவருக்குத் தெரியாது, வேகத்தை அளக்கும் கேமராவுக்குத் தெரியும். 195/45 ஆர்16 போட்டால் விட்டம் 581.9 மட்டுமே.

டயரின் சுமைக் குறியீடும் முக்கியம். 82 என்றால் அந்த டயர் 475 கிலோ வரை தாங்கும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்குக் குறைவான டயரை, அழகாக இருக்கிறது என்பதற்காகப் போடக் கூடாது. ரிம்மிலும் 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற குறியைத் தேடலாம். இது ஜப்பானின் கலப்பு உலோக ரிம்களுக்கான தரம். வளைத்துச் சுழற்றும் சோதனை, சுமையோடு உருளையில் ஓட்டும் சோதனை, சாய்வாக வைத்து மேலிருந்து எடையைப் போடும் மோதல் சோதனை ஆகியவற்றை ரிம் தாங்க வேண்டும். ஆனால் குறியைப் போலியாகவும் அச்சிட முடியும் என்பதால், நம்பகமான கடையில் வாங்குவதே நல்லது.

நட்டு எப்படிப் பிடிக்கிறது?

காரின் எடையை ஸ்டட்கள் ஆணியைப் போல் தாங்கிக்கொள்கின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சட்டையை ஆணியில் மாட்டுவதைப் போன்ற வேலை அல்ல அது. நட்டைத் திருகும்போது ஸ்டட் ரப்பரைப் போல் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசை ரிம்மை ஹப்போடு சேர்த்து இறுக்குகிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருகினால், ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறத்தாழ 4 டன் எடைக்குச் சமமான விசையோடு இழுத்துப் பிடிக்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் உண்மையில் சக்கரத்தை நகராமல் வைத்திருக்கிறது.

இது புரிந்தால், பட்டறையின் விதிகள் எல்லாம் புரிந்துவிடும். ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் இரண்டு முகங்களும் முழுமையாக ஒட்டாது. ஆகவே துடைக்க வேண்டும். ஸ்டட்டில் கிரீஸ் பூசினால் உராய்வு குறைந்து, அதே அளவு திருகினாலும் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஆகவே தயாரிப்பாளர் சொல்லாமல் பூசக் கூடாது. காற்றுத் துப்பாக்கியால் இஷ்டத்துக்குத் திருகாமல், கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து, திருகும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். புது ரிம் போட்டு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஏனென்றால், புதுப் பூச்சு நசுங்கி இடம் கொடுக்கும்போது இறுக்கம் குறையும்.

நட்டின் அடிப்பகுதி வடிவமும் பொருந்த வேண்டும். ஹொண்டாவின் அசல் ரிம்களில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம். கடைகளில் விற்கும் மாற்று ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவம். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் திருகினால், மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டுமே தொடும். இறுகியதுபோல் இருக்கும், ஓட ஓடத் தளரும். ஓடும் காரிலிருந்து சக்கரம் கழன்று எதிர்ப்பாதைக்குப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரை மில்லிமீட்டர் செய்த வேலை

இப்போது அண்ணனின் காருக்கு வருவோம். மைவியின் ஹப் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டப் பகுதியின் விட்டம் 54.1 மில்லிமீட்டர். தொழிற்சாலையில் வரும் ரிம்மின் நடுத்துளை அதற்கேற்பச் சரியாகச் செய்யப்பட்டிருக்கும். மாட்டியவுடன் ரிம் தானாகவே நடுவில் உட்காரும்.

ஆனால் மாற்று ரிம் செய்பவர்கள் பலவகைக் கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைக்கிறார்கள். 73.1 மில்லிமீட்டர் பரவலான ஓர் அளவு. இடைவெளியை நிரப்ப, பிளாஸ்டிக் அல்லது அலுமினியத்தால் ஆன ஒரு வளையத்தைப் போட வேண்டும். ஹப் ரிங் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள்.

அண்ணன் வாங்கியது ஒருவர் பயன்படுத்திய ரிம். அதோடு வளையம் வரவில்லை. கடையில் யாரும் கவனிக்கவில்லை. கூம்பு வடிவ நட்டுகளும் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரக் கூடியவைதான். ஆனால் அதற்குச் சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே நட்டை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டால், ரிம் ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு தள்ளியிருக்கும்? அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இயந்திரப் பென்சிலில் போடும் 0.5 குச்சியின் தடிமன்தான் அது. டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் நிறை 15 கிலோ என்றால், அந்த முழு நிறையும் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகிச் சுழல்கிறது.

15,000 கிராம் × 0.5 மில்லிமீட்டர் = 7,500. இதை ரிம் விளிம்பின் 190 மில்லிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 40.

அதாவது, ரிம்மின் விளிம்பில் 40 கிராம் எடையை ஒட்டிவிட்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்று. நாம் முன்பு பார்த்த 20 கிராமைப் போல் இரு மடங்கு. 110 கிலோமீட்டரில் 80 நியூட்டனுக்கு மேல்!

அப்படியானால் இயந்திரம் ஏன் சைபர் காட்டியது? அங்கே சக்கரத்தை மாட்டும்போது, நடுத்துளைக்குள் ஓர் உலோகக் கூம்பைச் செருகி நடுவில் நிறுத்துகிறார்கள். அதனால் இயந்திரத்தில் சக்கரம் தன் சொந்த மையத்தைச் சுற்றிச் சுழன்றது. அந்த மையத்தைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே சமநிலையில் இருந்தது. காரில் மாட்டியபோது அது சுழன்றது வேறொரு மையத்தைச் சுற்றி. சமநிலை என்பது சக்கரத்துக்கு மட்டும் உரிய குணம் அன்று. எந்த அச்சைச் சுற்றிச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று முறை அளந்தும் மூன்று முறையும் சரியான விடை கிடைத்தது. ஆனால் அளந்தது வேறு ஒன்றை.

மாணவனிடம் நடுத்துளையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, 73.1-க்கு 54.1 என்று எழுதிய பழைய ஹப் ரிங் உறையைக் கொண்டுவந்து காட்டினான். நான்கு சக்கரங்களுக்கும் வளையம் போட்டு, காரைத் தூக்கிவைத்து, நட்டுகளை எதிரெதிராக இறுக்கியபின் நடுக்கம் நின்றுவிட்டதாம். "அந்த ரிங் எடையைத் தாங்குமா டீச்சர்?" என்று அடுத்த கேள்வியும் கேட்டான். அது தாங்க வேண்டியதில்லை. நடுவில் நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. பிடித்து வைப்பது, நாம் மேலே பார்த்த நட்டுகளின் இறுக்கமும் உராய்வும்தான்.

எல்லா நடுக்கத்திற்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். குழியில் விழுந்து ரிம் வளைந்திருக்கலாம். டயர் முழு வட்டமாக இல்லாமல் இருக்கலாம். அவற்றை எத்தனை எடை ஒட்டினாலும் சரிசெய்ய முடியாது. ஒட்டிய எடை கழன்று விழுந்திருக்கலாம். தேய்ந்த சஸ்பென்ஷன் பாகங்களாகவும் இருக்கலாம். ஆனால், ரிம் மாற்றிய மறுநாளே நடுக்கம் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது மாற்றியதைத்தான்.

வீட்டில் செய்து பாருங்கள்

முதல் சோதனை: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன்சக்கரத்தில் பிரேக் உரசாமல் இருக்கட்டும். மெதுவாகச் சுற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை காத்திருங்கள். கீழே நிற்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பலமுறை செய்தாலும் அதே இடம் கீழே வந்தால் அதுதான் எடை கூடிய இடம். பெரும்பாலும் வால்வோ பிரதிபலிப்பானோ அங்கே இருக்கும். அதற்கு நேர் எதிரே கம்பியில் களிமண்ணைச் சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே விட்டாலும் சக்கரம் அங்கேயே நின்றால், நீங்கள் நிலைச் சமநிலையை அடைந்துவிட்டீர்கள். வேகமாகச் சுழலும்போது கம்பிகளுக்கிடையே விரலை விடாதீர்கள்.

இரண்டாவது சோதனை: தடித்த அட்டையில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை வெட்டுங்கள். சரியாக நடுவில் ஒரு துளையும், அதிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு துளையும் போடுங்கள். நடுத்துளையில் மெல்லிய கம்பியைச் செருகிச் சுழற்றினால் அட்டை எந்த நிலையிலும் நிற்கும். அடுத்த துளையில் செருகிச் சுழற்றுங்கள். ஒரே பக்கம் மீண்டும் மீண்டும் கீழே வரும். அட்டையில் நீங்கள் எதையும் ஒட்டவில்லை, எதையும் வெட்டவில்லை. அச்சை மட்டுமே மாற்றினீர்கள்.

ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். இரண்டாவது துளையில் அட்டை சமநிலையில் நிற்கும்படி களிமண் ஒட்ட முடியுமா? முடியும் என்றால் எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும்? ஒட்டியபின் அட்டையை மீண்டும் நடுத்துளைக்கு மாற்றினால் என்ன ஆகும்? செய்து பார்த்துவிட்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.